கொக்கு அக்காவின் இன்னொரு கால்

ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் அக்கா கேட்காத சத்தம் இல்லை. கியர் பல்லைக் கடிக்கிற சத்தம், வண்டியின் பின்புறம் கம்பத்தை உரசுகிற சத்தம், பயந்தவர்கள் எச்சில் விழுங்குகிற சத்தம் எல்லாம் அவளுக்குப் பழக்கம். ஆனால் ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்து தேர்வு நடத்துகிற அவளைப் பற்றிய பாட்டையே முணுமுணுத்தது அந்த வாரம்தான் முதல் தடவை.

அவர் முடி திருத்துகிறவர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கடையில் நாள் முழுக்க ரேடியோ ஓடுகிறது, கத்தரிக்கோலும் அதற்கேற்றபடி ஓடுகிறது, பாட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘கொக்கு அக்கா, கொக்கு அக்கா’ என்று ஆரம்பித்து ‘கோவம் எதுக்கு’ என்று இழுக்கும்போதுதான் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிவிட்டார். பின்சக்கரம் ஒன்று நடைபாதை மேல் ஏறியது. தேர்வு வண்டியில் தேர்வு நடத்துகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அக்கா அதை அழுத்தி வண்டியை நிறுத்தினாள், தாளில் ஒரு கோடு போட்டாள், “இன்னொரு நாள் வாங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் வெளியே போய், பாட்டுப் பாடியதால்தான் தன்னைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று தேநீர்க் கடையில் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்து, அலுவலகத்து மாடிப்படி ஏறி, மேலதிகாரியின் மேசைக்குப் புகார் மனுவாகப் போய்ச் சேர்ந்தது.

யார் இந்தக் கொக்கு அக்கா, பாட்டு எங்கிருந்து கிளம்பியது என்பதை முறையாகச் சொல்லிவிட வேண்டும்.

அக்காவுக்கு ஒரு தம்பி. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா வீட்டின் முன் அறையில் தட்டச்சு வகுப்பு நடத்தினாள். உள்ளே இரண்டும் அடித்துக்கொண்டு அலறினால் வெளியே பத்துப் பேருக்கு விரல் தவறும். அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டாள். கையால் அடிக்கக் கூடாது. கோபம் வந்தால் நாலு வரி பாட்டுக் கட்ட வேண்டும். யார் மேல் பாட்டுக் கட்டினார்களோ அவர் அதே தாளத்தில், அதே மாதிரி முடிகிற நாலு வரியில் பதில் சொல்ல வேண்டும். பதில் என்றால் பதில், கேட்ட கேள்விக்குச் சொல்ல வேண்டும். அது வருகிறவரைக்கும் அவர் சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூடாது, நின்றபடிதான் சாப்பிட வேண்டும்.

“கையால அடி கிடையாது. பாட்டுலதான் அடிக்கு அடி” என்பாள் அம்மா. தாளம் சரியா என்று மேசை மேல் விரலால் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். தட்டச்சுக்காரியின் விரல், ஒரு எழுத்து கூடினாலும் கண்டுபிடித்துவிடும்.

ஒருநாள் தம்பி அக்காவின் பள்ளிச் செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்தான். அக்கா அவனைக் குளியலறைக்குள் விட்டு வாசலை மறித்து நின்றுகொண்டாள். செருப்பு வந்தால்தான் வழி. அவன் கெஞ்சினான், அழுதான், வயிற்றுவலி என்றான். அவள் அசையவில்லை. வகுப்பிலிருந்து அம்மா, “அவ ஒத்தக் கால்ல நிக்கறாடா, குடுத்துடு” என்று குரல் கொடுத்தாள். அதுவரை பிடிவாதத்துக்கும் காலுக்கும் உள்ள சம்பந்தம் அவனுக்குத் தெரியாது. அழுகையை நிறுத்திவிட்டு, குனிந்து பார்த்தான். இரண்டு காலும் தரையில் இருந்தன. அந்தச் சந்தேகம்தான் பாட்டானது.

கொக்கு அக்கா கொக்கு அக்கா
கோவம் எதுக்கு?
ஒத்தக் காலு வலிக்கலையா?
இன்னொன்னு எதுக்கு?

அம்மா தட்டிப் பார்த்தாள். ஒரு விரல்கூடத் தப்பவில்லை. அக்காவுக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிட்டாள், அதுவும் வீம்புக்கு ஒரு காலைத் தூக்கி மடித்துக்கொண்டு சாப்பிட்டாள். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்துபோனாள். அடுத்த நாள் வழக்கை ஒத்திவைத்து அக்காவை உட்காரச் சொன்னாள். அந்த வீட்டில் கட்டிய எல்லாப் பாட்டுக்கும் பதில் வந்திருக்கிறது. இது ஒன்று மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி வளர்ந்து பாட்டு எழுதுகிறவன் ஆனான். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் மெட்டு வரும், சொல் பிறகுதான். மெட்டின் அளவு பிடிபடுவதற்காக வாய்க்கு வந்த சொற்களைப் போட்டுப் பாடிப் பார்ப்பார்கள். டம்மி வரி என்பார்கள். ஒருவர் காய்கறி விலையைப் பாடுவார், ஒருவர் எதிரே இருக்கிறவரைத் திட்டிப் பாடுவார். நிஜமான வரி வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தம்பி எந்த மெட்டு வந்தாலும் கொக்கு அக்காவைத்தான் போடுவான். தையல்காரர் ஒரே நாடாவை வைத்து எல்லோருக்கும் அளவெடுப்பதில்லையா, அதுபோல. மெட்டு நீண்டால் ‘கோவம்’ நீளும், மெட்டு குதித்தால் கொக்கு குதிக்கும். அவன் எழுதிப் பேர் வாங்கிய காதல் பாட்டும், ஊரையே அழவைத்த பிரிவுப் பாட்டும், சோப்பு விளம்பரமும் ஒலிப்பதிவு அறையில் கொக்கு அக்காவாகத்தான் பிறந்தன. கண்ணை மூடி உருகிப் பாடுகிற பாடகிக்குக்கூட, உருகும்போது நடுவில் ஒரு கொக்கு நினைவுக்கு வந்து தொலைக்கும்.

இந்த முறை இசையமைப்பாளர், பெரியவர்கள் ஆடுவதற்கு ஒரு குழந்தைப் பாட்டு வேண்டும் என்றார். தம்பி நிலாவையும் ஊஞ்சலையும் வைத்து ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்தான். இசையமைப்பாளர் அதைக் கேட்டார். டம்மி வரி போட்டிருந்த பதிவையும் கேட்டார். ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, அது உடைந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் திரும்பவும் கேட்டார்.

“கவிஞரே, நீங்க எழுதினது நல்லா இருக்கு. எழுதாம பாடினது அதைவிட நல்லா இருக்கு.”

நிலா வெளியே போனது, கொக்கு உள்ளே வந்தது. மீதிச் சரணங்களையும் தம்பி அதே வழியில் கட்டினான். கம்பி நீட்டிய மாமாவிடம் எத்தனை அடிக் கம்பி என்று ஒரு சரணம் கேட்டது. காது குத்திய நண்பனிடம் கம்மல் எங்கே என்று இன்னொன்று கேட்டது. ஊர் முழுக்க வாய்விட்டுச் சிரித்து ஆடியது.

இதில் அவன் செய்யாமல் விட்டது ஒன்றுதான். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கேட்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ரேடியோவில், யார் சார் அந்தக் கொக்கு அக்கா என்று கேட்டபோது, அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க அக்காதான். டிரைவிங் டெஸ்ட் எடுக்கறாங்க. அவங்க பாஸ் போட்டா நீங்க நிலாவுலகூட வண்டி ஓட்டலாம்.”

புகழ்ந்துதான் சொன்னான். பின்பாதி யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு மைதானத்தின் சுவரில் யாரோ சாக்கட்டியால் ஒரு கொக்கு வரைந்தார்கள். கையில் தேர்வுத் தாளும் கொடுத்திருந்தார்கள். அக்கா வருவதைப் பார்த்ததும் வாசல் காவலாளி ரேடியோவை அணைத்தார். பாட்டைவிட அந்தத் திடீர் அமைதிதான் அவளை அதிகம் குத்தியது. அவள் கணவருக்குக் கண்ணாடிக் கடை. லென்ஸ் துடைத்தபடி வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தவர் மனைவி உள்ளே வந்ததும் பாட்டைத் தும்மலாக மாற்றினார். கொக்கு என்ற சொல்லின் நடுவில் தும்முவது எளிதல்ல, ஆனாலும் செய்தார்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் எதையும் பாராட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அதனால் அவர் அக்காவின் நேர்மையைப் புகழத் தொடங்கியதுமே, எதையோ பறிக்கப்போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மைதானத்தில் சிரிப்பு கூடாது, சிரிக்கிற இடத்தில் பயம் இருக்காது, பயம் இல்லாவிட்டால் விபத்து என்றார். புகார் வேறு வந்திருக்கிறது. அதனால் கொஞ்ச காலம் மேல் மாடியில் கோப்பு அறையில் உட்காரலாமே, வெயில் இல்லை, மின்விசிறி உண்டு என்றார்.

“புதுப் பாட்டு வந்தா எல்லாரும் இதை மறந்துடுவாங்கம்மா. எழுதறவரு உங்க தம்பிதானே. சீக்கிரம் இன்னொண்ணு எழுதச் சொல்லுங்களேன்.”

அக்கா திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னாள். பதில் என்ன சொன்னாலும் திங்கள் மத்தியானம் அந்த அறைச் சாவி தன் கைக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெயிலாவது, மின்விசிறியாவது. மைதானம் போய்விட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. முதல் தடவை வண்டி நேராக நின்றதும் ஒருவர் முகத்தில் வருகிற ஆச்சரியத்தைப் பார்க்கிற வேலை வேறெங்கே கிடைக்கும்? கோப்புகளுக்கு முகம் கிடையாது.

அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா அனுதாபம் காட்டவில்லை. சட்டம் சட்டம்தான் என்றாள். அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டு அன்றோடு முடிந்திருக்கும், சொல்லாமல் விட்ட பாட்டு இப்போது வளர்ந்து ஆளாகி ஊர் சுற்றுகிறது, இப்போதாவது சொல்லி முடி என்றாள். அக்கா, நான் என்ன பாட்டா எழுதுகிறேன் என்று எரிந்து விழுந்தாள். பிறகு ராத்திரி சமையலறையில் நடந்து நடந்து ஒன்றைக் கட்டி மறுபடியும் போன் செய்தாள்.

வாத்துத் தம்பி வாத்துத் தம்பி
வம்பு எதுக்கு?
பஸ்ஸுலயே போற உனக்கு
லைசென்ஸ் எதுக்கு?

மறுமுனையில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. தாளம் சரி என்றாள் அம்மா. “ஆனா அவன் கேட்டது என்ன? இன்னொரு கால் எதுக்குன்னு. கேள்விக்குக் கேள்வி பதில் ஆகாதுடி.”

சனிக்கிழமை தேர்வுக்கு வந்தவர்களில் ரொட்டிக் கடைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். கையில் மாவு வாசனை, கண்ணில் பயம். அவள் பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் திருகாமல் அக்காவின் காலையே பார்த்தாள்.

“உங்க பக்கமும் பிரேக் இருக்காமே மேடம்?”

இருக்கிறது என்றாள் அக்கா.

“அப்ப ரெண்டு காலையும் அதுல வச்சுக்குவீங்களா?”

“ஒண்ணு தரையில. இன்னொண்ணு பிரேக் மேல.”

“எப்பவுமா? நான் நல்லா ஓட்டினாலுமா?”

“நல்லா ஓட்டினாலும்தான். அது உங்களுக்காக வச்சிருக்கற கால். நீங்க கிளம்புங்க.”

அந்தப் பெண் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். யாரோ கீழே வலை கட்டிவிட்டார்கள் என்பதுபோலத் தோள் இறங்கியது. வண்டி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது. பின்னுக்கு எடுத்தபோதும் கோட்டைத் தொடவில்லை. அக்கா பாஸ் போட்டாள். போட்ட பிறகு பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் முன்னால் தன் வாயிலிருந்து என்னவோ நல்லதாக வந்தது என்று மட்டும் தெரிந்தது, என்ன என்று பிடிபடவில்லை. அடுத்தவர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அவள் தன் வலது காலையே, யாருடையதோ என்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். தம்பி ஒரு பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. கோப்பு அறை விஷயம் அக்காவின் கணவர் மூலம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ரேடியோவில் மன்னிப்புக் கேட்கிறேன், பாட்டையே நிறுத்தச் சொல்கிறேன் என்று வந்ததிலிருந்து அக்காவின் பின்னாலேயே அலைந்தான். அக்கா பழத்தை மட்டும் வாங்கிக் கழுவி வைத்தாள். சாப்பாடு வைத்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“உட்காரேன்” என்றார் கணவர்.

“சட்டம் தெரியாதா உங்களுக்கு?”

அவர் மாப்பிள்ளையாக வந்தவர், சட்டம் தெரியும், ஆனால் இந்த வயதில் யாராவது அதைக் கடைப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தம்பி சோற்றைப் பிசைந்தபடி தலை குனிந்திருந்தான். அக்கா தட்டை இடது கைக்கு மாற்றி, தொண்டையைச் செருமி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

குட்டித் தம்பி குட்டித் தம்பி
கேள்வி எதுக்கு?
ஒத்தக் காலு நிக்கறதுக்கு
இன்னொன்னு உனக்கு!

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மேசை மேல் விரல்களை வைத்தாள். முதல் வரியைத் தட்டினாள். இரண்டாவது, மூன்றாவது. கடைசி வரியை இரண்டு தடவை தட்டினாள். “சரியா இருக்கு. உட்காரு” என்றாள். அவ்வளவுதான். தட்டச்சு வகுப்பிலும் அவள் அதற்கு மேல் யாரையும் பாராட்டியதில்லை.

தம்பிக்குப் புரை ஏறிவிட்டது. அக்காவின் கணவர் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். கண்ணீரோடு நிமிர்ந்தவன், எனக்குன்னா எதுக்கு, உதைக்கறதுக்கா என்று கேட்டான்.

அக்கா நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ரொட்டிக் கடைக்காரப் பெண்ணிடம் சொன்னதை அவனிடமும் சொன்னாள். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், இன்னொன்று பக்கத்தில் இருக்கிறவர் தடுமாறினால் நிறுத்துவதற்கு. நீ அன்றைக்குக் குளியலறையில் கேட்டதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது என்றாள். உதைப்பதைப் பற்றி இன்னும் முடிவு செய்துவிடவில்லை என்றாள்.

அவன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான். பிறகு தொழில் புத்தி தலைநீட்டியது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் சுற்றினான்.

“அக்கா, இதைக் கடைசிச் சரணமா நான் எடுத்துக்கலாமா?”

“இப்பவாவது கேட்டியே.”

“கேட்கறேன்கா. எடுத்துக்கலாமா?”

“திங்கட்கிழமை சொல்றேன்” என்றாள் அக்கா, அலுவலகத்துக் குரலில்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வந்து நின்றவர் அந்த முடி திருத்துகிறவர்தான். மறு தேர்வு. புகார் கொடுத்துவிட்டு அதே ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அவர் முகம் வெளிறிக் கிடந்தது. பாட்டு மறுபடியும் வெளியே வந்துவிடாமல் இருக்க உதடுகளைத் தைத்தது மாதிரி மூடியிருந்தார். மேல் மாடி ஜன்னலில் மேலதிகாரி நின்றார், கையில் சாவிக் கொத்து.

வண்டி கிளம்பியது. முடி திருத்துகிறவருக்குத் துணையாக வந்த கடைக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு வாயைத் தைக்கத் தோன்றவில்லை. வண்டி அவர்கள் பக்கம் திரும்பியதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்டிப் பாடினார்கள். கொக்கு அக்கா கொக்கு அக்கா, கோவம் எதுக்கு? முடி திருத்துகிறவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். ஒத்தக் காலு வலிக்கலையா? வண்டி கோணிக்கொண்டு போனது. இன்னொன்னு எதுக்கு?

அக்கா பிரேக்கை மெதுவாக அழுத்தி நிறுத்தினாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டவில்லை, தாளிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. அதே மெட்டில், தம்பிக்கு இருக்கிற குரல் தனக்கு இல்லை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், நாலு வரியையும் பாடினாள். தம்பி என்ற இடத்தில் தம்பிங்களா என்று மாற்றிக்கொண்டாள். தாளம் கொஞ்சம் இடித்தது, அம்மா பக்கத்தில் இல்லை. ‘இன்னொன்னு உனக்கு’ என்று முடித்துக் கண்ணாடியை ஏற்றினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டிய கைகள் பாதியில் நின்றன. பிறகு சிரிப்பு வெடித்தது. எடுத்துக் கொடுத்தவரின் முதுகில் மற்றவர்கள் குத்தினார்கள், எப்படி, வாங்கினியா என்று. முடி திருத்துகிறவரும் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது ஸ்டியரிங் மேல் இருந்த பிடி தளர்ந்திருந்தது.

“திரும்ப ஆரம்பிங்க” என்றாள் அக்கா. “பாடணும்னா பாடுங்க. கை மட்டும் ஸ்டியரிங்லயே இருக்கட்டும்.”

அவர் பாடவில்லை. ஆனால் பின்னுக்கு எடுக்கும்போது விரல் மட்டும் தாளம் போட்டது. வண்டி இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நேராக வந்து நின்றது. அவர் முகத்தில் அந்த ஆச்சரியம் வந்தது. அக்கா அதை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் போட்டாள்.

மத்தியானம் மேலதிகாரி படியில் எதிர்ப்பட்டார். மைதானத்தில் சிரிப்பு கூடாது என்று சொன்னவர், தானும் மேலிருந்து சிரித்ததை அவள் பார்த்திருப்பாளோ என்ற சந்தேகத்தில், முதலில் அவள் குரலைப் பாராட்டினார். சாவிக் கொத்து அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. புகார் மனுவை அந்த முடி திருத்துகிறவரே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். பிறகு தயங்கி, அந்தக் கடைசி வரி எப்படிப் போகிறது, சரியாகக் காதில் விழவில்லை என்றார்.

சாயங்காலம் தம்பியின் போன் வந்தது. திங்கட்கிழமை ஆகிவிட்டது என்று நினைவுபடுத்தினான். இசையமைப்பாளர் பக்கத்திலேயே நிற்கிறாராம், பாடகியும் காத்திருக்கிறாராம்.

“எடுத்துக்கோ” என்றாள் அக்கா. “ஆனா கடைசி வரியில அழுத்தம் குடுத்துப் பாடச் சொல்லு.”

“எவ்வளவு அழுத்தம்கா?”

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள்.

“பிரேக் மாதிரி. மெதுவா ஆரம்பிச்சு, நிக்கற வரைக்கும்.”